கொய்யா கொழுப்பைக் கரைக்காது, ஆனாலும் சாப்பிடலாம்

தமிழில் ‘கொழுப்பு’ என்ற சொல்லுக்கு வேலை அதிகம். ஆட்டுக்கறியில் ஒட்டியிருக்கும் வெள்ளைத் துண்டும் கொழுப்பு, சட்டைப் பித்தானைத் தள்ளிக்கொண்டு நிற்கும் தொப்பையும் கொழுப்பு, ரத்தப் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் வரும் எண்ணும் கொழுப்பு. எதிர்த்துப் பேசினால் அதற்கும் ‘உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி’தான். கடைசியை விட்டுவிடுவோம். மீதி மூன்றிலும்கூட எல்லாம் ஒன்றல்ல. சொல் ஒன்றாக இருப்பதால், ஒன்றுக்குச் சொன்ன வைத்தியம் மற்றதற்கும் செல்லும் என்று மனது தானாகவே முடிவு கட்டிவிடுகிறது.

‘கொழுப்பைக் கரைக்கும் பழங்கள்’ என்று காலையில் வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் எல்லாம் இந்தக் குழப்பத்தின் மேல்தான் நிற்கின்றன. எந்தக் கொழுப்பு, எப்படிக் கரையும், கரைந்தது எங்கே போகும் என்று அவற்றில் ஒரு வரி இருக்காது.

எங்கள் பெரியப்பா ஒருவர் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். ‘கொழுப்பு இருக்கிறது, பழம் நிறையச் சாப்பிடுங்கள்’ என்று யாரோ சொல்ல, தினமும் நடைப்பயிற்சி முடிந்ததும் ஒரு பெரிய கிளாஸ் சாத்துக்குடி ஜூஸ், சாயங்காலம் ஒரு கிளாஸ் திராட்சை ஜூஸ் என்று ஆரம்பித்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் ஒரு எண் இருந்த இடத்திலேயே இருந்தது, இன்னொன்று ஏறியிருந்தது. ‘பழத்தாலும் கொழுப்பு ஏறுமா?’ என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லப் போனால் கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும். ரசத்திலிருந்து தொடங்கலாம்.

ரசத்தில் மிதக்கும் எண்ணெய்

ரசத்தில் தாளித்துக் கொட்டியதும் எண்ணெய் மேலே வட்டம் வட்டமாக மிதக்கிறது. எவ்வளவு கலக்கினாலும் சிறிது நேரத்தில் மறுபடி மேலே வந்துவிடும். ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். அதில் கொழுப்பை அப்படியே விட்டால் இதே கதைதான் நடக்கும். அதனால் உடல் கொழுப்பை மூட்டை கட்டி அனுப்புகிறது. வெளிப்புறம் தண்ணீரோடு ஒத்துப்போகும் உறை, உள்ளே கொழுப்புச் சரக்கு. இந்த மூட்டைகளைச் சரக்கு லாரிகள் என்று வைத்துக்கொள்வோம்.

லாரியில் ஏறும் சரக்கு இரண்டு வகை.

முதலாவது ட்ரைகிளிசரைடு. பயப்பட வேண்டாம், இது நமக்குப் பழகிய பொருள்தான். கடலை எண்ணெய், நெய், கறியில் இருக்கும் வெள்ளைத் துண்டு, தொப்பை எல்லாமே பெரும்பாலும் ட்ரைகிளிசரைடுதான். இது எரிபொருள். வேண்டும்போது எரிக்கலாம், வேண்டாதபோது சேர்த்துவைக்கலாம்.

இரண்டாவது கொலஸ்ட்ரால். மெழுகு போன்ற இந்தப் பொருளை எரித்துச் சக்தி எடுக்க முடியாது. இது கட்டுமானச் சாமான். செல்களின் சுவருக்கும், சில ஹார்மோன்களுக்கும், வைட்டமின் டி-க்கும் இதுதான் மூலப்பொருள். உடலுக்குத் தேவையான கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடலே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல் அதில் முக்கியமான ஆலை.

ஒன்று டீசல், ஒன்று சிமெண்ட். இரண்டும் ஒரே லாரியில் பயணம் செய்வதால் இரண்டுக்கும் சேர்த்து ‘கொழுப்பு’ என்று பெயர் வந்துவிட்டது. ஒன்று ஏறுவதற்கான காரணம் வேறு, மற்றது ஏறுவதற்கான காரணம் வேறு.

தாளில் உள்ள எண்கள்

லிப்பிட் புரொஃபைல் என்று எழுதிக் கொடுக்கும் பரிசோதனை இந்த லாரிகளையும் சரக்குகளையும் எண்ணிச் சொல்வது. எல்லா எண்களும் ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு.

எல்.டி.எல். என்பது கொலஸ்ட்ராலைச் சுமந்து ஊரெல்லாம் சுற்றும் லாரி. அது அளவுக்கு மீறி ஓடினால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. அடைப்புக்கு வித்து அங்கேதான் விழுகிறது. 100-க்குள் இருப்பது நல்லது என்பார்கள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவர் 70-க்கும் கீழே கொண்டுவரப் பார்ப்பார். எச்.டி.எல். மிச்சம் மீதியைத் திருப்பிக் கொண்டுவரும் லாரி. ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் கீழே போனால் குறைவு என்று கணக்கு. ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருந்தால் இயல்பு, 200-க்கு மேல் அதிகம். 500-ஐத் தாண்டினால் இதயத்தை விடக் கணையத்தைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும், அது வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நிலையில் பழமா கீரையா என்று கட்டுரை படித்துக்கொண்டிருக்கக் கூடாது, நேரே மருத்துவரிடம் போக வேண்டும்.

இங்கே ஒரு சின்ன வேடிக்கை. உங்கள் தாளில் வி.எல்.டி.எல். (பெரும்பாலும் ட்ரைகிளிசரைடைச் சுமக்கும் லாரி) என்று ஒரு வரி இருந்தால், ட்ரைகிளிசரைடு எண்ணை ஐந்தால் வகுத்துப் பாருங்கள். பல தாள்களில் அதே எண் வரும். பல ஆய்வகங்கள் அதைத் தனியாக அளப்பதில்லை, வகுத்துத்தான் போடுகின்றன. எல்.டி.எல்.லையும் பல இடங்களில் இப்படிக் கழித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்: மொத்தக் கொலஸ்ட்ராலில் எச்.டி.எல்.லையும் அந்த ஐந்தில் ஒரு பங்கையும் கழித்தால் மீதி எல்.டி.எல். இந்தச் சூத்திரம் 1972-இல் வந்தது. ட்ரைகிளிசரைடு 400-க்கு மேல் போனால் இந்தக் கணக்கு உதவாது.

தெற்காசியர்களுக்கு ஒரு தனிப் போக்கு உண்டு. நம்மில் பலருக்கு எல்.டி.எல். பெரிதாக ஏறாமலே ட்ரைகிளிசரைடு ஏறி, எச்.டி.எல். இறங்கி இருக்கும். அதனால் ‘கொலஸ்ட்ரால் இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால், எந்த எண் என்று கேட்காமல் பழத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

இதுவரை வந்த வழி இதுதான்: கொழுப்பு என்று நாம் சொல்வது இரண்டு சரக்கு. எல்.டி.எல். ஒரு பிரச்சினை, ட்ரைகிளிசரைடு இன்னொன்று. இனி பழம் இந்த இரண்டில் எதை, எந்த வழியாகத் தொடுகிறது என்று பார்ப்போம்.

எலுமிச்சையும் எண்ணெய்ப் பாத்திரமும்

பிசுக்குப் பிடித்த பாத்திரத்தில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிறது. பாத்திரம் கழுவும் சோப்பு விளம்பரத்திலும் எலுமிச்சைதான். இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் உள்ளே இருக்கும் கொழுப்பும் இப்படித்தான் கழன்று ஓடும் என்று தோன்றுவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் எலுமிச்சைச் சாறு ரத்தக்குழாய்க்குள் எலுமிச்சைச் சாறாகப் போவதில்லை. முதலில் அது விழும் இரைப்பையில் அதைவிடக் கடுமையான அமிலம் ஏற்கெனவே இருக்கிறது. பிறகு குடலில் அந்தப் புளிப்பு சமனாகிவிடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மையை (pH என்ற அளவை) உடல் மிகக் கறாராக, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் வைத்துக்கொள்கிறது. ஒரு மூடி எலுமிச்சை அதை அசைக்காது. அசைத்தால் நாம் ஆஸ்பத்திரியில் இருப்போம்.

எந்தப் பழமும் ரத்தத்துக்குள் போய் எதையும் கரைப்பதில்லை. எல்.டி.எல். விஷயத்தில் பழம் செய்யும் முக்கியமான வேலை ரத்தத்தில் நடப்பதே இல்லை, குடலில் நடக்கிறது. அதையும் செய்வது பழத்தின் சத்துகளில் நாம் ஜீரணிக்கவே முடியாத ஒன்று.

நார் என்றதும் வாழைநார் ஞாபகம் வருகிறதா?

நார்ச்சத்து என்ற சொல்லும் நம்மைக் கொஞ்சம் ஏமாற்றுகிறது. நார் என்றால் பூக்கட்டும் வாழைநார், வாழைத்தண்டு நறுக்கும்போது விரலில் சுற்றி எடுக்கும் இழை. அதுவும் நார்ச்சத்துதான். அது தண்ணீரில் கரையாத வகை. மலச்சிக்கலுக்கு நல்லது. எல்.டி.எல்.லைக் குறைப்பதில் அதற்குப் பெரிய பங்கில்லை.

நமக்கு வேண்டியது இன்னொரு வகை. வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்தால் காலையில் கொழகொழவென்று ஒரு கோழை வருமே, வெண்டைக்காயில் வழியுமே, சப்ஜா விதையைச் சுற்றிக் கண்ணாடி போலக் கட்டிக்கொள்ளுமே, அதுதான் கரையும் நார்ச்சத்து. பெயர்தான் நார், பார்த்தால் கஞ்சி. தண்ணீரை உறிஞ்சிக் கூழாகிவிடும் தன்மைதான் இதன் அடையாளம்.

பழங்களில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் பெக்டின் என்ற பொருள். ஜாம் உறைவது இதனால்தான். கொய்யாவை வேகவைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் ஜெல்லியாகத் திரண்டு நிற்கிறதே, அது பெக்டின் செய்யும் வேலை. ஆப்பிள், ஆரஞ்சு, சாத்துக்குடி, கொய்யா, மாம்பழம் எல்லாவற்றிலும் இது இருக்கிறது. ஆரஞ்சில் சுளையைச் சுற்றியுள்ள மெல்லிய தோலிலும் வெள்ளைப் பஞ்சிலும் அதிகம். நாம் பொறுமையாக உரித்து எறிகிறோமே, அதேதான்.

சோடா பாட்டில் கணக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். கொஞ்சம் நிதானமாகப் போகலாம்.

நாம் சாப்பிடும் எண்ணெயும் நெய்யும் குடலில் செரிக்க வேண்டும் என்றால் அவற்றைச் சின்னச் சின்னத் துளிகளாக உடைக்க வேண்டும். அதற்காகக் கல்லீரல் ஒரு திரவத்தைச் சுரந்து பித்தப்பையில் சேர்த்துவைக்கிறது. அதுதான் பித்தநீர். அதில் சோப்பு போல வேலை செய்யும் பொருளுக்குப் பித்த அமிலம் என்று பெயர். இந்தப் பித்த அமிலத்தைக் கல்லீரல் எதிலிருந்து செய்கிறது தெரியுமா? கொலஸ்ட்ராலிலிருந்து.

பித்த அமிலம் விலை உயர்ந்த பொருள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறிய உடலுக்கு மனம் வராது. கோலி சோடாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சோடாவைக் குடித்துவிட்டுப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கடைக்காரர் அதைக் கழுவி மறுபடி நிரப்புவார். அதனால் புதுப் பாட்டில் அவர் அதிகம் வாங்க வேண்டியதில்லை. உடலும் அப்படித்தான். பித்த அமிலம் குடலில் வேலையை முடித்ததும், சிறுகுடலின் கடைசிப் பகுதியில் நூற்றுக்குச் சுமார் 95 பங்கு உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடுகிறது. அதே பாட்டில்கள் ஒரு நாளில் பல தடவை சுற்றி வருகின்றன. மிச்சம் 5 பங்கு மட்டும் மலத்தோடு போகும். அந்த அளவுக்கு மட்டும் புதிதாகச் செய்தால் போதும்.

இந்த ஏற்பாட்டுக்குள் கொய்யா நுழைகிறது.

பெக்டின் குடலில் கூழாகிப் பித்த அமிலத்தைத் தனக்குள் சிக்கவைத்துக்கொள்கிறது. கூழில் மாட்டியது சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்படாமல் நழுவிப் பெருங்குடலுக்குள் போய்விடுகிறது. பாட்டில்கள் கடைக்குத் திரும்பவில்லை. கடைக்காரர் என்ன செய்வார்? புதுப் பாட்டில் செய்தாக வேண்டும். கண்ணாடி வேண்டும். கல்லீரலுக்குக் கண்ணாடி என்பது கொலஸ்ட்ரால்.

அதை எங்கே தேடும்? பக்கத்துச் சாலையில், அதாவது ரத்தத்தில், எல்.டி.எல். லாரிகள் அதே சரக்கோடுதான் போய்க்கொண்டிருக்கின்றன. கல்லீரல் செல்லின் மேல் அந்த லாரிகளை நிறுத்தி உள்ளே இழுக்கும் வாசல்கள் இருக்கின்றன. இவற்றுக்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயர். மூலப்பொருள் குறைந்ததும் கல்லீரல் கூடுதலாக வாசல்களைத் திறக்கிறது. அதிக லாரிகள் உள்ளே இழுக்கப்படுகின்றன. சாலையில் லாரிகள் குறைகின்றன. தாளில் எல்.டி.எல். எண் இறங்குகிறது.

எதுவும் கரையவில்லை. குடலில் ஒரு பொருள் திரும்பி வராமல் போனதால், ரத்தத்தில் இருந்த வேறொரு பொருளைக் கல்லீரல் எடுத்துச் செலவழித்தது. அவ்வளவுதான்.

இந்த வாசல்களைக் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் வேலை செய்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு மருத்துவர்கள். 1985-இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. சின்ன வயதிலேயே கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறும் ஒரு பரம்பரை நோயை ஆராய்ந்தபோதுதான் இது வெளிப்பட்டது. அந்தக் குழந்தைகளுக்கு இந்த வாசல்கள் பழுதாகவோ இல்லாமலோ இருந்தன. அப்படிப்பட்டவர்கள் கூடை கூடையாகக் கொய்யா சாப்பிட்டாலும் பெரிய பலன் கிடைக்காது, இழுக்க வாசல் வேண்டுமே. ‘அவருக்குக் குறைந்தது, எனக்கு ஏன் குறையவில்லை’ என்ற கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கிறது. குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவர்கள் இருந்தால், எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தால், பழத்தை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

இன்னொரு விஷயம். பித்த அமிலத்தைக் குடலில் பிடித்து வெளியே தள்ளும் மருந்துகளே இருக்கின்றன. கொலஸ்டைரமின் என்பது அவற்றில் பழையது. வாசலை அதிகமாகத் திறக்க வைப்பதுதான் இன்று பரவலாக எழுதிக் கொடுக்கப்படும் ஸ்டாட்டின் மாத்திரையும் செய்வது. கல்லீரல் சொந்தமாகக் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது தடுக்கிறது, அப்போதும் கல்லீரல் ரத்தத்திலிருந்துதான் இழுத்தாக வேண்டும். ஆக, பழமும் மாத்திரையும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. தட்டும் வேகம்தான் வேறு.

எவ்வளவு வேறு?

தினமும் 5 முதல் 10 கிராம் வரை கரையும் நார்ச்சத்து சாப்பிட்டால் எல்.டி.எல். ஏறத்தாழ 5 விழுக்காடு குறையும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. 160 இருப்பவருக்கு 8 புள்ளி. நடுத்தர அளவு ஸ்டாட்டின் மாத்திரை 30 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும். பழத்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த 5 கிராமும் பழத்தில் மட்டும் கிடைத்துவிடாது. ஒரு நடுத்தர ஆப்பிளிலோ ஆரஞ்சிலோ 1 முதல் 2 கிராம் இருந்தால் அதிகம். மீதியைக் கொண்டைக்கடலைச் சுண்டல், அவரைக்காய், வெண்டைக்காய், பருப்பு, ஓட்ஸ் என்று சேர்த்தால்தான் கணக்கு நிறையும். உண்மையைச் சொன்னால், நம் சமையலில் இந்த விஷயத்தில் சுண்டலுக்குக் கிடைக்க வேண்டிய பெயர் எல்லாம் பழத்துக்குப் போய்விட்டது.

பழத்துக்கு இன்னொரு மறைமுகமான வேலையும் உண்டு. சாயங்காலம் நான்கு மணிக்குப் பசிக்கும்போது பஜ்ஜியோ பஃப்ஸோ கிரீம் பிஸ்கட்டோ போகும் இடத்தில் ஒரு கொய்யா போனால், பாமாயிலிலும் வனஸ்பதியிலும் இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு (சாச்சுரேட்டட் ஃபேட்) அன்றைக்கு உள்ளே வரவில்லை. எல்.டி.எல்.லை ஏற்றுவதில் முக்கியக் குற்றவாளி அந்தக் கொழுப்பு. பஜ்ஜியும் தின்றுவிட்டு ‘பரிகாரமாக’ ஒரு ஆப்பிள் தின்றால் இந்தப் பலன் கிடைக்காது.

சரி, எல்.டி.எல். பக்கம் இவ்வளவுதான்: பழத்தின் கூழ் பித்த அமிலத்தை வெளியே கொண்டுபோகிறது, கல்லீரல் ஈடுகட்ட எல்.டி.எல்.லை இழுக்கிறது, எண் சிறிதளவு இறங்குகிறது. இனி பெரியப்பாவின் ஜூஸ்.

ஜூஸில் என்ன தொலைந்தது?

ஜூஸ் கடையில் நடப்பதைக் கவனியுங்கள். மூன்று நான்கு சாத்துக்குடி பிழிகிறார்கள். வடிகட்டுகிறார்கள். சக்கை குப்பைக்கூடைக்குப் போகிறது. நாம் இத்தனை நேரம் பேசிய பெக்டினில் பெரும்பங்கு அந்தச் சக்கையோடு போய்விட்டது. கிளாஸில் மிஞ்சியது தண்ணீர், வைட்டமின், நான்கு பழத்தின் சர்க்கரை. அதற்கு மேல் இரண்டு கரண்டி வெள்ளைச் சர்க்கரை வேறு. நான்கு சாத்துக்குடியை உரித்துத் தின்னச் சொன்னால் இரண்டிலேயே போதும் என்போம். கிளாஸ் இரண்டு நிமிடத்தில் காலி.

இந்தச் சர்க்கரை ஏன் ட்ரைகிளிசரைடை ஏற்றுகிறது?

பழத்தில் முக்கியமாக இரண்டு சர்க்கரைகள். குளுக்கோஸை உடலின் எல்லாப் பகுதியும் வாங்கும்: மூளை வாங்கும், தசை வாங்கும், ரத்த அணு வாங்கும். ஃபிரக்டோஸுக்கு, அதாவது பழச்சர்க்கரைக்கு, வாடிக்கையாளர் குறைவு. கொஞ்சத்தைக் குடலே கவனித்துக்கொள்ளும். மீதி நேராகக் கல்லீரலுக்குத்தான் வரும். நாம் அன்றாடம் போடும் வெள்ளைச் சர்க்கரையிலும் சரிபாதி ஃபிரக்டோஸ்தான்.

சந்தைக்கு ஒரு வண்டி தக்காளி மெதுவாக வந்தால் விற்றுவிடும். விடிகாலையில் பத்து வண்டி ஒன்றாக வந்து நின்றால்? கெட்டுப்போகும் முன் தொக்கு போட்டு வைக்க வேண்டியதுதான். கல்லீரலும் அதையே செய்கிறது. மொத்தமாக வந்து குவியும் ஃபிரக்டோஸைக் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்புதான் ட்ரைகிளிசரைடு. கொஞ்சம் கல்லீரலிலேயே தங்கும், மீதி வி.எல்.டி.எல். என்ற லாரியில் ஏறி ரத்தத்துக்கு வரும். எண்ணெய் தொடாத ஒருவருக்கு ட்ரைகிளிசரைடு எப்படி ஏறுகிறது என்று வியப்பவர்களுக்கு இதுதான் விடை: கொழுப்பைச் சாப்பிட வேண்டியதில்லை, உடலே செய்துகொள்ளும்.

அப்படியானால் முழுப் பழமும் ஆபத்தா? இல்லை. 100 கிராம் கொய்யாவில் சுமார் 9 கிராம் சர்க்கரை இருக்கிறது. அதோடு 5 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. மென்று தின்ன நேரம் ஆகிறது, குடலில் கூழுக்குள்ளிருந்து சர்க்கரை மெல்ல மெல்லத்தான் வெளியேறும். ஒரு வண்டி தக்காளி. 300 மில்லி கோலா பானத்தில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை, நார் பூஜ்யம், மென்று தின்னும் வேலையும் இல்லை. பத்து வண்டி. ஜூஸ் இந்த இரண்டில் எதற்கு நெருக்கம் என்று நீங்களே சொல்லலாம்.

இதில் பழத்தை மட்டும் குறை சொல்வதும் சரியில்லை. நம்மூரில் ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் முன்வரிசையில் நிற்பவை மூன்று வேளையும் அரிசி, மைதா பரோட்டா, நாளுக்கு நான்கு டீயில் போகும் சர்க்கரை, அப்புறம் மது. மதுவை நிறுத்தினாலே சிலருக்கு எண் சரசரவென்று இறங்கிவிடும்.

எந்தப் பழம்?

பட்டியல் போட எனக்கு ஆசையில்லை, ஆனால் கேட்பார்கள். ஒரே ஒரு அளவுகோல் போதும்: சர்க்கரைக்கு எதிரில் நார் எவ்வளவு. அந்த அளவில் கொய்யா எளிதாக ஜெயிக்கிறது. விலையும் குறைவு. ஆயக்குடிப் பக்கம் போனால் சாலையோரத்திலேயே குவித்து வைத்திருப்பார்கள். 100 கிராமில் 4 கிராம் நாருடன் மாதுளை நல்ல இடத்தில் இருக்கிறது, விதையோடு மென்று தின்றால். ஆப்பிள் தோலோடு. ஆரஞ்சும் சாத்துக்குடியும் சுளையாக.

திராட்சையில் 100 கிராமுக்கு 15 கிராம் அளவில் சர்க்கரை, நார் 1 கிராம்கூட இல்லை. கம்பம் பன்னீர் திராட்சையை எனக்கும் பிடிக்கும், ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்கிறேன். பலாவும் மாம்பழமும் ட்ரைகிளிசரைடு அதிகம் உள்ளவர்களுக்கு அளவாக. மாம்பழம் தின்ற அன்று சோற்றைக் குறைத்தால் போதும், மாம்பழத்தை வாழ்க்கையிலிருந்தே விலக்க வேண்டாம். பேரீச்சையில் 100 கிராமுக்கு 60 கிராமுக்கு மேல் சர்க்கரை. இரண்டு மூன்று போதும். தேனில் ஊறிய அத்தி, தேனில் ஊறிய நெல்லி எல்லாம் பழத்தின் பெயரில் விற்கும் மிட்டாய்.

வெறும் நெல்லிக்காய் நல்லது. அதை வைத்துச் சில சிறிய ஆய்வுகளும் நடந்திருக்கின்றன. மாத்திரைக்கு மாற்றாக நிறுத்தும் அளவுக்கு அவை வலுவானவை அல்ல.

வெண்ணெய்ப்பழம், பட்டர் ஃப்ரூட் என்று கொடைக்கானல் மலைச்சாலையில் விற்பார்களே, அது தனி ஜாதி. அதில் சர்க்கரையே இல்லாத மாதிரிதான். கொழுப்பு நிறைய, ஆனால் அது பெரும்பாலும் ஒலியிக் அமிலம் என்ற வகை, எல்.டி.எல்.லை ஏற்றாதது. அதை அப்படியே கீறித் தின்றால் நல்லது. பாலும் சர்க்கரையும் சேர்த்து மில்க் ஷேக்காக அடித்தால் கதை மாறிவிடும். தேங்காய் இதற்கு நேரெதிர். தாவரம் என்பதால் அதில் கொலஸ்ட்ரால் இல்லை, விளம்பரம் சொல்வது உண்மை. ஆனால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற வகை. கொலஸ்ட்ரால் இல்லாத பொருளும் நம் கொலஸ்ட்ராலை ஏற்றலாம்.

எவ்வளவு? ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒரு நாளைக்கு 100 கிராம் பழம், 400 கிராம் காய்கறி என்கிறது. 100 கிராம் என்பது ஒரு சிறிய கொய்யா. பழம் பழம் என்று ஓடுபவர்கள் அந்தக் காய்கறி எண்ணைக் கொஞ்சம் கவனிக்கலாம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, காலையா ராத்திரியா என்பதெல்லாம் இந்த விஷயத்தில் பெரிய வித்தியாசம் செய்யாது.

மாத்திரை போடுபவர்களுக்கு

பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் சில மருந்துகளோடு மோதும். இது தற்செயலாகத் தெரிய வந்தது. கனடாவில் ஒரு ரத்தக்கொதிப்பு மருந்தைச் சாராயத்தோடு சேர்த்துச் சோதித்தார்கள். சாராயத்தின் சுவை தெரியாமல் இருக்க கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தார்கள். பார்த்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. 1989-இல் அது வெளியானது. குடல் சுவரில் மருந்தின் ஒரு பகுதியைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. இந்தப் பழத்தில் உள்ள சில பொருட்கள் அந்த நொதியை முடக்கிவிடுகின்றன. சிம்வாஸ்டாட்டின், அடோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகள் இதில் மாட்டும், ரோசுவாஸ்டாட்டின் அவ்வளவாக மாட்டாது. ரத்தத்தில் மருந்து அளவுக்கு மீறினால் தசைவலியில் தொடங்கித் தசைச் சேதம் வரை போகலாம். வழக்கமாகக் கடையில் வாங்கும் இனிப்பு ஆரஞ்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. மாத்திரை எது என்று பார்த்து மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குப் பழத்தில் உள்ள பொட்டாசியமே சிக்கல், நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நஞ்சு. அவர்கள் இந்தக் கட்டுரையை வைத்து எதையும் தொடங்க வேண்டாம்.

பரிசோதனைக்கு முந்தைய வாரம் மட்டும் பழமாகத் தின்றுவிட்டுப் போகும் வழக்கமும் இருக்கிறது. ட்ரைகிளிசரைடு சில நாட்களிலேயே ஏறி இறங்கும், முந்தைய ராத்திரி கல்யாண விருந்துகூட அதில் தெரியும். எல்.டி.எல். அப்படி இல்லை. சாப்பாட்டில் செய்த மாற்றம் அதில் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். பெரியப்பாவுக்கு அடுத்த பரிசோதனை தை மாதம். ஜூஸ் கடையைத் தாண்டி இப்போது பேருந்து நிலையத்துக் கொய்யாவண்டி வரை நடக்கிறார். மிளகாய்த்தூள் போடட்டும், உப்பு மட்டும் வேண்டாம் என்று தினமும் வண்டிக்காரரிடம் சொல்ல வேண்டியிருக்கிறதாம்.